கொருக்குப்பேட்டையில் நாய்க்கு விசில் பழக்குவது

விசில் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க உங்கள் தெருவைக் காது கொடுத்துக் கேளுங்கள். வட சென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டையில் விடிகாலையில் முதலில் கேட்பது சரக்கு ரயிலின் ஹாரன். அப்புறம் வீட்டுக்கு வீடு குக்கர் விசில். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் போனால் மாநகரப் பேருந்து கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒரு பக்கம் ஊதுவார். வியாசர்பாடியில் ஏதாவது ஒரு மைதானத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டே இருப்பார்கள், கோச் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் ஊதுவது மட்டும் தனக்கானது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். விசிலைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, காப்பாற்றுவது எல்லாமே இதற்காகத்தான்.

நான் ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். விசில், கொடி, விளக்கு மூன்றையும் வைத்துப் பிழைத்த உத்தியோகம். ஓர் ஓசைக்கு ஒரே பொருள்தான், அதில் சந்தேகம் வந்தால் வண்டி நகரக் கூடாது. அந்தக் கண்டிப்பை நாய்ப் பயிற்சியிலும் விடவில்லை. என்னிடம் இருப்பவள் செவலை. சிப்பிப்பாறை வேட்டை நாயும் தெரு நாயும் கலந்த உடம்பு, காற்றாக ஓடுவாள். காலையில் அவளோடு எங்கள் தெருப் பிள்ளைகளின் நாய்களும் சேர்ந்துகொள்ளும். தடை தாண்டும் அஜிலிட்டி, பறக்கும் தட்டைப் பிடிக்கும் டிஸ்க், தூரத்தில் எறிந்த டம்மி என்னும் பயிற்சிப் பொருளை எடுத்து வருவது என்று அவரவர் நாய்க்கு ஏற்றதைப் பழக்குகிறோம். எந்த விளையாட்டானாலும் விசில் பாடம் ஒன்றுதான்.

குரல் இருக்க விசில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூப்பிடும்போது குரலில் கோபம் தெரியும், பயம் தெரியும், நேற்றுப் பிடித்த ஜலதோஷம்கூடத் தெரியும். நாய் அதையெல்லாம் படித்துவிட்டு, இப்போது போனால் திட்டு விழும் என்று தள்ளி நிற்கும். விசிலுக்கு மனநிலை கிடையாது. நான் ஊதினாலும் என் பேத்தி ஊதினாலும் ஓசை அதேதான். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீச ஆரம்பித்தால் ஐம்பது அடி தூரத்தில் மனிதக் குரல் கரைந்துபோகும், விசில் அப்போதும் போய்ச் சேரும்.

சரி, எந்த விசில்? உள்ளே சின்னப் பந்து உருளும் விசிலை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்த வகையில் உலகம் முழுக்கப் பேர்பெற்றது பர்மிங்காமில் ஜோசப் ஹட்சன் 1884இல் கொண்டுவந்த அக்மி தண்டரர். நடுவர்களுக்கும் ரயில்வேக்கும் அருமையான சாமான், எனக்கும் அந்த ஓசைமேல் பிரியம் உண்டு. ஆனால் கண்டக்டரும் காவலரும் கோச்சும் வைத்திருப்பது அதே வகை உருட்டல் ஓசை. உங்கள் நாய் அதில் எதைத்தான் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்? எச்சிலும் கடல் மணலும் புகுந்தால் அந்தப் பந்து சிக்கிக்கொள்ளும் என்பது இன்னொரு தொல்லை.

பந்து இல்லாத பிளாஸ்டிக் விசில் வாங்குங்கள். அக்மியிலேயே 210.5, 211.5 என்று எண் போட்டு வரும். வேட்டை நாய்ப் பயிற்சிக்காரர்கள் காலகாலமாகப் பயன்படுத்துவது இவற்றைத்தான். ஓர் எண்ணுக்கு எப்போதும் ஒரே சுருதி. தொலைந்துபோனால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கலாம், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. முதல் நாளே இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். உலோக விசில் மே மாத வெயிலில் உதட்டைச் சுடும், வேண்டாம்.

மனிதக் காதுக்குக் கேட்காத விசில் என்று விற்பதைப் பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருகிறார்கள். அதற்கு மூலம் பிரான்சிஸ் கால்டன் 1876இல் செய்தது. கேட்கும் திறனின் எல்லையைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்தார். கைத்தடியில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிச் சாலைக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் போய் ஊதியும் பார்த்தார். நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு 45,000 வரை. அதனால் அந்த விசில் நாய்க்குக் கேட்கும் என்பது உண்மை. சிக்கல் நம் பக்கம். குறிலாக ஊதினோமா நெடிலாக ஊதினோமா, மூச்சு சரியாகப் போனதா என்று நம் காதால் சரிபார்க்க முடியாது. அதில் சுருதியை வைக்கும் திருகாணி கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி மாறிவிடும், அதுவும் நமக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஆட்டு மந்தை மேய்க்கும் நாய்களுக்கு நாக்கின்மேல் வைத்து ஊதும் அரைவட்ட விசில் ஒன்று உண்டு. அதில் விதவிதமாகச் சுருதி எழுப்பலாம், ஆனால் ஊதக் கற்றுக்கொள்ளவே பொறுமை வேண்டும்.

விசில் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இது விளையாட்டுச் சாமான் இல்லை. சும்மா யாரும் ஊதக் கூடாது. அப்புறம் எந்த ஓசைக்கு என்ன பொருள் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது மூன்றே வரி. நான்கு குறில், பிப்-பிப்-பிப்-பிப் என்றால் ஓடி வா. ஒரே நெடில், பீஈஈப் என்றால் இருக்கிற இடத்திலேயே உட்கார். இரண்டு குறில் என்றால் திரும்பி என்னைப் பார். நீங்களாக வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நெடிலுக்கு நிற்பதும் தொடர் குறிலுக்கு வருவதும் வேட்டை நாய்ப் பயிற்சியில் பரவலாக இருக்கும் வழக்கம். பின்னால் வேறொரு பயிற்சியாளரிடம் போனாலும் நாய் குழம்பாது. அதோடு மூன்றுக்கு மேல் ஆரம்பத்தில் தேவையே இல்லை.

முதல் பாடம் வீட்டுக்குள். நாய் பசியோடு இருக்கும் நேரம், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. கோழி ஈரலை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈரல் தினமும் நிறைய ஆகாது, ஆகவே பாதி நாள் கோழி நெஞ்சுக்கறி. கருவாடு கொடுக்கலாமா என்று எங்கள் பக்கம் நிச்சயம் கேட்பார்கள். உப்பு அதிகம், வேண்டாம்.

நாய் உங்கள் காலடியில் நிற்கும்போது நான்கு குறிலை மெதுவாக ஊதுங்கள். அறைக்குள் முழு மூச்சோடு ஊதினால் அதன் காதுக்கு வலி. ஊதி முடித்த உடனே ஒரு துண்டு. மறுபடி ஊதுங்கள், மறுபடி துண்டு. வா என்று சொல்ல வேண்டாம், கையாட்ட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது கை எப்போது பைக்குப் போகிறது என்பது. ஓசை முதலில், கை அப்புறம். கை முன்னால் நகர்ந்தால் நாய் கையைத்தான் படிக்கும், விசில் அதற்கு வெறும் சத்தமாகிவிடும். என்னிடம் வந்து "தாத்தா, எவ்ளோ ஊதியும் திரும்பியே பார்க்க மாட்டேங்குது" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டே ஊதுவார்கள்.

சில நாளில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நாய் ஓசை கேட்டதும் சட்டென்று தலையைத் திருப்பும். அதற்காகக் காத்திருங்கள். அது வந்த பிறகுதான் அடுத்த அறை, மாடிப்படி, மொட்டை மாடி. சந்துக்குள் பழக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இரண்டு பக்கச் சுவரிலும் ஓசை மோதித் திரும்புவதால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நாய் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அது கீழ்ப்படியாமை இல்லை. முதலில் கண்ணில் படும்படி நின்று ஊதுங்கள், ஒளிந்து நின்று ஊதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வரும்போது கயிறு வேண்டும். காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு கிடைக்கும். ஈரம் குடிக்காது, கனம் குறைவு. பத்து மீட்டர் போதும். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். வேகமாக ஓடும் நாய் கயிற்றின் முனையில் இழுபட்டால் கழுத்தில் அடிபடும். மார்போடு சேரும் ஹார்னஸில் மாட்டுங்கள். கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், முனையில் வளையம் போடாதீர்கள். நாயைப் பொது இடத்தில் கயிறில்லாமல் விடக் கூடாது என்பது மாநகராட்சியின் விதியும்கூட. உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில் பெருச்சாளி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் பரவும், அதற்கும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு.

நாங்கள் பழக்கும் இடம் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கடற்கரை. துறைமுகம் வந்த பிறகு வடக்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டே போனது. அதைத் தடுக்கக் கடலுக்குள் நீளும்படி கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். சில இடங்களில் இரண்டு வளைவுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கம் கல், ஒரு பக்கம் கடல் என்று நாய்க்கு அடைப்பு மாதிரி அமைந்துவிடும். நான்காவது பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலை, ஆகவே சாலைப் பக்கம் எப்போதும் நீங்கள்தான் நிற்க வேண்டும். பாறை இடுக்கில் நாயை ஏறவிடாதீர்கள், கால் மாட்டினால் முறிந்துவிடும். ஜனவரியில் தொடங்கி, பங்குனி ஆமைகள் என்னும் கடல் ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இருட்டில் நாயோடு கடற்கரைக்குப் போகவே வேண்டாம்.

கயிற்றோடு நாய் எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது நான்கு குறில் ஒரே ஒரு முறை. வந்தால் ஒரு துண்டு கொடுத்து நிறுத்தாதீர்கள். நாலைந்து துண்டை ஒவ்வொன்றாகக் கொடுத்து, தட்டிக்கொடுத்து, மறுபடி போய் விளையாடு என்று விட்டுவிடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது, வீட்டுக்கு இழுத்துப் போவார்கள் என்று அது எண்ணிவிட்டால் அடுத்த முறை யோசித்து யோசித்துத்தான் வரும். வராவிட்டால் திரும்ப ஊதாதீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் போங்கள். மூக்குக்கு நேரே துண்டைக் காட்டி, நீங்கள் நின்ற இடத்துக்குக் கூட்டிவந்து அங்கே கொடுங்கள். அடுத்த முறை பாதித் தூரத்தில் ஊதுங்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்: வராது என்று தெரிந்தால் ஊதவே கூடாது. காக்காவைத் துரத்திப் பாயும் நாய்க்கு, மீன் தலைக்குச் சண்டை போடும் நாய்க்கு, பாடம் அரைகுறையாக இருக்கும்போது விசில் ஊதினால் அது கற்றுக்கொள்வது, இந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே ஓடலாம் என்பதைத்தான். ஐந்து முறை அப்படி நடந்தால் அந்த ஓசை வீணாகிவிடும், வேறு ஓசை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் கயிற்றால் பிடியுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஓடிப்போய்ப் பிடியுங்கள். விசிலை மட்டும் வாயில் வைக்காதீர்கள். ரயில் ஹாரன் அடிக்கும்போதும் காத்திருங்கள். அது ஓய்ந்த பிறகு ஊதுங்கள். பாதி கேட்டும் பாதி கேட்காமலும் போகும் ஓசையால் பயனில்லை.

ஓடி வருவது உறுதியான பிறகு நெடில். நாய்க்கு உட்கார் என்ற சொல்லோ கையசைவோ ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். புதிய ஓசை முன்னால், பழைய சொல் பின்னால், நடுவில் ஒரு நொடி இடைவெளி. பீஈஈப், ஒரு நொடி, உட்கார். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் தெரிந்த சொல்லை மட்டும் நாய் பிடித்துக்கொள்ளும், விசில் அதன் காதிலேயே ஏறாது. சொல்லை முதலில் சொன்னாலும் அதே கதைதான், உட்கார்ந்த பிறகு வரும் ஓசைக்கு வேலை இல்லை. சரியான வரிசையில் போனால் சில நாளில் சொல் வருவதற்கு முன்பே பின்பாதி தரையைத் தொட்டுவிடும். அன்றைக்குச் சொல்லை விட்டுவிடுங்கள்.

நெடிலில் எல்லா நாய்க்கும் வரும் ஒரு சிக்கல், உட்காரும் முன் உங்களை நோக்கி நாலு எட்டு நடந்து வருவது. துண்டு உங்கள் கையில் இருப்பதால் கைக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம் என்று அதற்குத் தோன்றுகிறது. திட்டிப் பயனில்லை. துண்டு வரும் இடத்தை மாற்றுங்கள். ஊதியதும் நாய் உட்கார்ந்தால் துண்டை அதன் தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறியுங்கள், அல்லது நீங்களே நடந்து போய் அதன் வாயில் கொடுங்கள். அப்போது இருந்த இடத்திலேயே இருப்பதுதான் லாபம் என்று புரிந்துகொள்ளும். செவலைக்குத் தரையில் ஒரு சாக்கு விரித்து, அதன்மேல் நிற்கும்போது ஊதி ஆரம்பித்தேன். சாக்கை விட்டு இறங்காமல் உட்காரக் கற்ற பிறகு சாக்கை எடுத்துவிட்டேன். தூரத்தை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். பக்கத்தில் நடக்கும்போது, பிறகு ஓடும்போது, பிறகு பத்து அடியில், பிறகு கயிற்றின் முழு நீளத்தில். சாலைப் பக்கம் பந்து உருண்டு நாய் பாயும் ஒரு நாளில் உயிரைக் காப்பது இந்த நெடில்தான், அதனால் இதற்கு எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்.

இரண்டு குறில் சுலபம். நாய் விலகிப் போகும்போது ஊதி, நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். அது திரும்பிப் பார்த்ததும் கையை இடமோ வலமோ நீட்டி அந்தப் பக்கம் ஒரு பந்தை எறியுங்கள். டம்மி எடுக்கும் விளையாட்டில் நெடிலால் நிறுத்தி, பார்க்கவைத்து, கை காட்டி அனுப்புவது இப்படித்தான் உருவாகிறது.

அப்புறம் ஊர் விசில்களுக்குப் பழக்க வேண்டும். கால்பந்து மைதானத்துக்கு வெளியே, ஓசை லேசாகக் கேட்கும் தூரத்தில் நாயோடு நில்லுங்கள். கோச் ஊதும்போது நாய் உங்களைப் பார்த்தாலும் எதுவும் கொடுக்காதீர்கள், பேசாதீர்கள். நீங்கள் ஊதினால் மட்டும் விருந்து. சுருதி வேறு என்பதால் நாய்கள் இதைச் சீக்கிரமே பிரித்துக்கொள்கின்றன. குக்கர் விசிலுக்கும் அதேதான், ஆனால் சமையலறையிலிருந்து யாரும் ரகசியமாக எலும்பு போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நாள் புதுப் பாடம் வேண்டாம். சீறிக்கொண்டு போகும் ராக்கெட் ஓசையோடு உங்கள் விசிலும் நாயின் பயத்தில் சேர்ந்துவிடக் கூடாது.

வெயில் காலத்தில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே நிற்கக் கூடாது. நாக்கு அகலமாகத் தொங்கி மூச்சிரைத்தால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான், நிழலும் தண்ணீரும் கொடுங்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த வயதான நாய் திடீரென்று விசிலுக்குத் திரும்பாமல் போனால் காதைக் காட்டுங்கள். 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான்.

போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும். வேட்டை நாய்ப் போட்டிகளில் விசில் சாதாரணம், வேறு சிலவற்றில் களத்துக்குள் எதையும் எடுத்துப் போக விடமாட்டார்கள். இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருப்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. அஜிலிட்டியில் எப்படியும் வாயில் விசிலை வைத்துக்கொண்டு தடையின் பெயரைச் சொல்ல முடியாது. அங்கே குரலும் உடம்பு திரும்பும் திசையும்தான் நாயை நடத்தும், விசில் பயிற்சி மைதானத்தில் கூப்பிடவும் நிறுத்தவும் மட்டும். அதனால் விசில் நன்றாக வந்த பிறகும் வாரத்தில் ஒரு காலையாவது அதை வீட்டில் வைத்துவிட்டு, வா என்ற சொல்லுக்கும் உட்கார் என்ற சொல்லுக்கும் அதே ஈரல் துண்டைக் கொடுத்துப் பழக்குங்கள்.